நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்

நுண்கணிதம், மூன்று பருவம்: இருக்கிறது.
நேரியல் இயற்கணிதம்: இருக்கிறது, எண்பத்தொன்று.
நிகழ்தகவும் இருக்கிறது.
நிரல் எழுதத் தெரியுமா?
தெரியும். பூம்பாறை வளைவில்
சிக்னல் கிடைக்கிற நேரங்களில் கற்றது.
விண்ணப்பக் கட்டணம் எழுபத்தைந்து டாலர்.
இன்றைய விலைக்கு இருபத்தாறு கிலோ பூண்டு,
முதல் தரம், தாள் அறுத்து, புகை போட்டு.

வகைக்கெழுச் சமன்பாடுகள்?

இங்கே ஒரு சிவப்புக் கட்டம் திறக்கிறது.
மதிப்பெண் பட்டியலில் வழக்கத்துக்கு மாறாக ஏதும் இருப்பின்
நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல் விளக்குக.

ஐந்தாம் பருவம். என் பெயருக்கு நேரே எண் இல்லை.
வரவில்லை என்று இருக்கிறது.

வந்தேன்.
கூக்காலிலிருந்து ஆறு மணி பஸ்ஸில் வந்தேன்.
கடும் மழை. பாதி வழியில்
ஒரு யூக்கலிப்டஸ் ரோட்டின் குறுக்கே படுத்திருந்தது.
டிரைவர் இறங்கி அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்,
மரத்துக்குப் பின்னால் வேறு பதில் இருப்பதுபோல.
நடந்து, பால் வண்டியில் தொற்றி,
கொடைக்கானல் சேர்ந்தபோது பதினொன்று பத்து.
அரை மணி தாண்டினால் விடமாட்டார்கள்.
விடவில்லை.
ஜன்னலோர மேசையில் யாருடையதோ வினாத்தாள்.
ஏழாவது கேள்வி, வெப்பச் சமன்பாடு:
கம்பியின் ஒரு முனையில் வைத்த சூடு
மறுமுனைக்கு எப்படிப் பரவுகிறது.
விரல் விறைத்து நின்றேன்.
விடை தெரியும்.

இப்படி எழுதினால் இருநூற்றுப் பதினான்கு சொற்கள்.
டிரைவரை எடுத்தேன். பால் வண்டியை எடுத்தேன்.
மறுதேர்வில் வாங்கிய எழுபத்தெட்டைச் சேர்த்தேன்.
இன்னும் ஒரு சொல் அதிகம்.
கடும் என்பதை எடுத்தேன்.
மழை வெறும் மழையாக இருக்கட்டும்.

அடுத்து, பரிந்துரைக் கடிதங்கள் மூன்று.
எஸ்தர் நவமணி மேடம் ஒன்று.
துறைத் தலைவர் ஒன்று; அவருக்கு என் முகம் நினைவில்லை,
கையெழுத்து நினைவிருக்கிறதாம்.
மூன்றாமவர், தொழில்முறையில் உங்களை அறிந்தவர்.

வடுகபட்டி ஒச்சப்பன்.
மாசியில் வருவார்.
விரற்கடை கூட எழும்பாத பூண்டுக்குக்
கிலோ நூற்றெண்பது என்று பேசி
ஐயாயிரம் அச்சாரம் வைப்பார்.
வைகாசியில் விலை ஏறினால்
விடியுமுன் லாரி நிற்கும்.
இறங்கினால் போனை எடுக்கமாட்டார்;
போனது ஐயாயிரம்தான்.
நாணயம் கெட்டவன் என்பார் அப்பா.
என் பாடப்புத்தகம் அதற்கு வேறு பெயர் வைத்து
விலையும் சொல்கிறது.
மாறிகளை மாற்றி எழுதிப் பார்த்தால்
அந்த விலைச் சமன்பாடு
ஜன்னலுக்கு வெளியே நின்று நான் படித்த
அதே ஏழாவது கேள்வி.

ஆறு வருட மண்டி விலைகளை ஏற்றிக் கணக்கிட்டேன்.
நியாயமான அச்சாரம் பதினோராயிரத்து முந்நூறு.
சொன்னேன். சிரித்தார்.
டீயைக் குடித்துவிட்டு லாரியருகே போய்
யாரிடமோ வெகுநேரம் பேசினார்.
திரும்பி வந்து எட்டாயிரம் வைத்தார்.

அவரிடம்தான் கடிதம் கேட்டேன்.

“இந்தப் புள்ள என்கிட்ட மூவாயிரம் கூட வாங்கிருச்சு.
கணக்கு சரியாத்தான் இருந்துச்சு.
ஊர்ல மத்தவனுக்கும் சொல்லிக் குடுத்துரும்போலத் தெரியுது.
சீட்டுக் குடுத்துருங்க. சீக்கிரம் குடுங்க.”

நிறுவனத் தாளில் இருக்க வேண்டுமாம்.
மண்டி பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துத் தந்தார்.
மேலே வேலோடு முருகன்,
கீழே சிவப்பு எழுத்தில்
கடன் அன்பை முறிக்கும்.

ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டுமாம், அச்சிட்ட யாவற்றுக்கும்.
வளைவில் நிற்கிறேன். சிக்னல் இரண்டு கோடு,
பேட்டரி பதினொன்று.
முருகன் வரை முடித்துவிட்டேன்.
கடன், எழுதியாயிற்று.
அன்பு, எழுதியாயிற்று.
முறிக்கும் என்றால்
எந்த வட்டியில், எத்தனை வருடத்தில் என்று
அந்தத் துறையில் கேட்கத்தானே செய்வார்கள்.